அரை மூன்று மணி

கோட்டிங்கன், ஜெர்மனி,
20 ஜூலை 2025, ஞாயிறு

அன்புள்ள கயல்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தேர்வுகள் முடியட்டும், நிதானமாக உட்கார்ந்து எழுதலாம் என்று வைத்திருந்தேன். இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் மூடிக் கிடக்கும். எங்கள் விடுதியில் அன்று துணி துவைக்கும் இயந்திரத்தைக்கூட ஓட்டக் கூடாது. இரவு ஒன்பது மணியாகியும் ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் இருக்கிறது.

நீ ஒன்றாம் வகுப்புக்கு ஆசிரியையாகச் சேர்ந்ததில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. ஆனால் உன் வகுப்புச் சிறுமியைப் பற்றி நீ எழுதிய நான்கு வரிகள்தான் என்னை விடவே இல்லை. வீட்டில் வேறு மொழி பேசுகிறவள், பள்ளி திறந்து ஒரு மாதமாகியும் வாய் திறக்கவில்லை, என்ன செய்வதென்று தெரியவில்லை என்றாய். கயல், கடந்த அக்டோபரில் இங்கே வந்ததிலிருந்து ஏழு மாதம் நானும் அவளாகத்தான் இருந்தேன்.

வனவியல் வகுப்புகள் ஆங்கிலத்தில் நடப்பதால் படிப்பில் சிக்கல் இல்லை. அறிவித்த நேரத்துக்குக் கால் மணி கழித்தே பல வகுப்புகள் தொடங்கும். முடிந்ததும் எல்லோரும் கைதட்டாமல் விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். இதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிட்டது. வாசலைத் தாண்டினால் ஜெர்மன். ரொட்டிக் கடை வரிசையில் நிற்கும்போதே சொல்ல வேண்டியதை மனத்துக்குள் மூன்று முறை சொல்லிப் பார்ப்பேன். என் முறை வந்ததும் விரலால் சுட்டிக் காட்டி வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். எண்களும் அப்படித்தான். இருபத்து நான்கை 'நான்கும் இருபதும்' என்பார்கள். தொகை பிடிபடாததால் எப்போதும் பெரிய நோட்டாக நீட்டுவேன். ஜனவரிக்குள் என் மேசை இழுப்பறை சில்லறைக் காசுகளால் நிறைந்துவிட்டது.

நவம்பரில் வாடகைக்கு ஓர் அறை பார்க்கப் போக வேண்டியிருந்தது. வீட்டுக்கார அம்மா தொலைபேசியில் 'ஹால்ப் டிரை' மணிக்கு வரச் சொன்னார். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'அரை மூன்று'. மூன்றரை என்று எடுத்துக்கொண்டு, மழையில் நனைந்தபடி போய் அழைப்பு மணியை அழுத்தினேன். மூன்றை நோக்கிப் பாதி வந்துவிட்டது என்பது இவர்கள் கணக்கு; அதாவது இரண்டரை. அறை வேறொரு மாணவிக்குப் போய்விட்டது. 'எத்தனை மணி?' என்று ஒருமுறை திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கத் தெரியாமல் இல்லை. தப்பாகப் பேசிவிடுவோமோ என்ற பயத்தில் வாயே வரவில்லை.

மே மாதம் ஒரு சனிக்கிழமை ஹாலே நகரத்துக்குப் போனேன். ஒரு மாதச் சீட்டு எடுத்தால் நாடு முழுவதும் உள்ளூர் ரயில்களில் போகலாம். அதிவேக வண்டிகளில் ஏற முடியாது. இடையில் வண்டி மாறி, நார்ட்ஹௌசன் வழியாகப் போய்ச் சேர்வதற்குள் பாதி நாள் ஓடிவிடும். சீகன்பால்குவை நினைவிருக்கிறதா? 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார். அவர் படித்த ஊர் ஹாலே. அங்கே ஃபிராங்கே அறக்கட்டளையின் பழைய அநாதை இல்லக் கட்டடத்தில், மேல்மாடியில், உலகமெங்கும் இருந்து வந்து சேர்ந்த சுமார் 3,000 பொருள்களை அந்தக் கால மர அலமாரிகளில் அப்படியே வைத்திருக்கிறார்கள். கூரையிலிருந்து ஒரு முதலை தொங்குகிறது. ஒரு கண்ணாடிக்குப் பின்னால் நம் ஓலைச்சுவடி!

முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்துப் படித்தேன். புள்ளியே வைக்காத எழுத்து. எது மெய், எது உயிர்மெய் என்று தெரியவில்லை. 'ர'வும் துணைக்காலும் ஒன்றுபோலவே இருந்தன. 'வநது' என்று கிடந்ததை வெகுநேரம் பார்த்து, அது 'வந்து' என்று பிடிபட்டபோது கண் கலங்கிவிட்டது. ஏழு மாதத்தில் நான் அறைக்கு வெளியே படித்த முதல் தமிழ்ச் சொல் அது.

சீகன்பால்கு சிறுபிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் பழகினார் என்று சொல்வார்கள். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு. இன்று எனக்கும் அதே வயது. பத்து ஆண்டுகளில், 1716-இல், அவர் எழுதிய தமிழ் இலக்கணம் அதே ஹாலேயில் லத்தீன் மொழியில் அச்சானது. ஆனால் வழியெல்லாம் நான் நினைத்துக்கொண்டு வந்தது அவரை இல்லை. 1714-இல் அவரோடு கப்பலேறி ஐரோப்பா வந்த மலையப்பன் என்ற தமிழ் இளைஞரை. அவர் இந்தக் குளிரில் யாரிடம் பேசினார், முதலில் எந்த வார்த்தை சொன்னார் என்று தெரிந்துகொள்ள எனக்கு அவ்வளவு ஆசை.

திரும்பும் ரயிலில் எதிரே இருந்த பாட்டி எங்கே போய் வருகிறாய் என்று கேட்டார். நான் பதில் சொல்லத் தொடங்கிவிட்டேன். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அதன் பாலைக் காட்ட வரும் 'டேர்', 'டி', 'டாஸ்' எல்லாம் தாறுமாறாக வந்தன. ஓலைக்கு, இலை என்று பொருள்படும் 'ப்ளாட்' என்ற சொல்லை எடுத்து, 'டேர் ப்ளாட்' என்றேன். 'டாஸ் ப்ளாட்' என்று அந்த ஒன்றை மட்டும் மெதுவாகத் திருத்தினார். சொல் கிடைக்காமல் நான் தடுமாறியபோதெல்லாம் அவர் எடுத்துக் கொடுக்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவர் இறங்கும் வரை பேசிக்கொண்டே வந்தேன். அதற்குப் பிறகு ரொட்டிக் கடையில் நான் விரல் நீட்டியதே இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், அந்தப் பிள்ளையை எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்காதே. 'ஊமையா?' என்று யாரும் கேட்கவும் விடாதே. அவள் சும்மா இருக்கவில்லை. உள்ளுக்குள் வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், எனக்கு நன்றாகத் தெரியும். பக்கத்தில் போய் உட்கார். அவள் தொடங்கும்போது நீ முடித்துவைக்காதே.

அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? அடுத்த கடிதத்தில் எழுது. அந்தச் சிறுமி முதலில் சொல்லும் வார்த்தை எதுவானாலும் அதையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
வள்ளி