சம்பளம் எங்கே, வரி எங்கே?

ஆசிரியருக்கு,

வெளிநாட்டு நிறுவனத்துக்குச் சென்னை வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் பெருகிவிட்டார்கள். 'சம்பளம் அங்கே வங்கியில் விழுகிறது, இங்கே வரி கிடையாது' என்று படித்தவர்களே சொல்வதுதான் வியப்பு. இந்தியாவில் இருந்தபடி செய்த வேலைக்கான சம்பளம், எந்த நாட்டுக் கணக்கில் விழுந்தாலும், பொதுவாக இங்கே வரிக்கு உட்பட்டது. நிதியாண்டில் 182 நாள் தங்கினால் வரிச் சட்டப்படி 'இந்தியாவில் வசிப்பவர்' ஆகிவிடுவோம். அப்போது வெளிநாட்டு வருமானமும் கணக்கில் வரக்கூடும்.

எதிர்த்திசையிலும் சிக்கல் உண்டு. சென்னையின் ஐ.டி. நிறுவனங்கள் நிறைந்த ஓ.எம்.ஆர். சாலை நிறுவன வேலையை மடிக்கணினியோடு பாங்காக்குக்குக் கொண்டுபோகும் இளைஞர்கள், அங்கே ஓர் ஆண்டில் 180 நாளைத் தொட்டால் தாய்லாந்து வரிச் சட்டப்படி அங்கே 'வசிப்பவர்' ஆகிவிடுகிறார்கள். சுற்றுலா விசாவை வேலை அனுமதியாக நினைப்பது வேறு ஆபத்து. ஒரே வருமானத்துக்கு இரு நாட்டிலும் வரி கட்டாமல் காக்கும் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் கைகொடுக்கும்தான். ஆனால் அங்கே வரி கட்டிய சான்றைக் காட்டி அந்தச் சலுகையை நாமே கேட்டுப் பெற வேண்டும், தானாக வராது. மனிதவள அதிகாரிகளோ, 'ஆடிட்டரைக் கேளுங்கள்' என்று நழுவிவிடுகிறார்கள்.

நுங்கம்பாக்கம் வருமான வரி அலுவலகம் இதற்கென எளிய தமிழில் ஒரு கையேடு வெளியிடட்டும். கணக்குத் தாக்கலுக்குக் கடைசி நாள் நெருங்கும் ஜூலைக்கு முன்பே அது கிடைக்க வேண்டும்.

– ஒரு வாசகர், மடிப்பாக்கம், சென்னை