அம்மாவின் மோதிரம் பற்றி சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பிக்கு

தம்பி,

அம்மாவின் மோதிரம் எங்கே என்று குடும்பக் குழுவில் நீ கேட்டதற்கு அங்கேயே பதில் எழுதினேன். அப்புறம் அழித்துவிட்டேன். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பார்க்கத்தானே கேட்டாய், பதிலும் நாலு பேர் பார்க்கிற இடத்திலேயே இருக்கட்டும். உன் வீட்டுக்காரியும் படிப்பாள். அவள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அம்மா திதியன்று அவள் அனுப்பிய புடவையைத்தான் கட்டியிருந்தேன்.

மோதிரம் இங்கே பர்மாவில், யாங்கோனில் ஒரு அடகுக்கடையில் இருக்கிறது. தொலையவில்லை, விற்கவில்லை. மூழ்கவும் விட மாட்டேன்.

"வட்டி கட்டியே அழியிறீங்க, உங்க கையில காசு தங்காது" என்று நீ சொன்னபோது பாதியில் போனை வைத்துவிட்டேன். திதி நாளில் அப்படி வைத்ததற்கு மன்னித்துக்கொள். ஆனால் அந்த வார்த்தையை மறுபடி சொன்னால் மறுபடியும் வைப்பேன். "உங்க கை" என்றாயே, அது யார் கை? உனக்குச் சோறு ஊட்டிய கைதானே?

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். தெரியாதது உன் தப்பில்லை, உனக்கு அப்போது ஒரு வயசு.

1987 செப்டம்பர் 5, சனிக்கிழமை. ஆற்றுக்கு அக்கரையில் தன்லின்னில் இருக்கும் பீலிக்கான் கோயிலில் உனக்கு மொட்டை அடித்துக் காது குத்த அம்மா ஒரு பால்மாவு டின்னில் பணம் சேர்த்து வைத்திருந்தார். அப்போது தன்லின்னுக்குப் பாலம் கிடையாது, 1993இல்தான் வந்தது. சொந்தபந்தத்தைக் கூட்டிக்கொண்டு படகில் போய் வர வேண்டும், பொங்கல் வைக்க வேண்டும், தாய்மாமன் சீர் இல்லாததால் தோடும் நாமே வாங்க வேண்டும். அதற்காகவே சில்லறை சேரச் சேர அதைக் கொடுத்துப் பெரிய நோட்டாக மாற்றிவிடுவார். சின்ன நோட்டு இருந்தால் செலவாகிவிடும் என்று பயம். டின்னுக்குள் இருந்ததெல்லாம் 75 சாட், 35 சாட் நோட்டுகள். மூடியைத் திறந்து என்னை எண்ணச் சொல்வார். அவருக்கு எண்ணத் தெரியாமல் இல்லை, கேட்க ஆசை.

அன்று காலையில் துணி துவைக்கும் வீட்டில் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு வந்தார். அதுவும் 75 சாட் நோட்டில்தான் கொடுத்தார்கள். மதியத்துக்கு முன்னால் ரேடியோவில் அரசாங்கம் சொல்லிவிட்டது: 25, 35, 75 சாட் நோட்டுகள் செல்லாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் 50, 100 நோட்டுகளை ஒழித்தபோது ஓரளவுக்காவது மாற்றிக்கொள்ள விட்டார்கள். இந்த முறை அதுவும் இல்லை.

அம்மா அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. அந்த வீட்டுக்கு நடந்தே திரும்பிப் போனார், என் கையைப் பிடித்துக்கொண்டு. "காலையில் கொடுத்தது செல்லாதாம், வேறு நோட்டு இருந்தால் மாற்றிக் கொடுங்கம்மா" என்று வாசலில் நின்று கேட்டார். கொடுக்கும்போது செல்லுபடியாகும் நோட்டுதானே என்றார்கள் உள்ளே இருந்து. நியாயம்தான். அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்காது என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். நான் அதைப் பாதிதான் நம்புகிறேன். யார் வீடு என்று இங்கே எழுத மாட்டேன். அவர்கள் பிள்ளைகள் நல்லபடியாக இருக்கிறார்கள்.

திரும்பும் வழியில் அம்மா மூக்குத்தியைக் கழற்றி அடகுக்கடையில் வைத்தார். கடைக்காரர் பத்தும் அஞ்சுமாகச் சின்ன நோட்டில் கொடுத்தார். அதில்தான் அரிசி வாங்கினோம், உனக்குப் பால் வாங்கினோம். அப்பாவுக்குப் போட்டாத்தாங் துறையில் மூட்டை இறக்கும் வேலை, அவருக்கு அந்த வாரம் கூலியே வரவில்லை. மூக்குத்திதான் நம்மைக் காப்பாற்றியது. பணக்காரர்களும் இழந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அவர்களிடம் நகை இருந்தது, மனை இருந்தது, கடையில் சரக்கு இருந்தது. நம்மிடம் இருந்த எல்லாமே அந்த டின்.

உன் காது குத்திய படத்தில் நீ ஏன் அவ்வளவு பெரிய பையனாக இருக்கிறாய் என்று உன் மனைவி சிரித்தாளே, இதனால்தான்.

அதற்கப்புறம் அம்மா நோட்டைச் சேர்க்கவே இல்லை. கொஞ்சம் காசு மிஞ்சினால் குண்டுமணி தங்கமாவது வாங்குவார். மழைக்காலத்தில் வருமானம் படுக்கும்போது அதை வைப்பார், மழை விட்டதும் தீபாவளிக்குள் மீட்பார். இதை நீ கெட்ட பழக்கம் என்கிறாய். பொருள் எதுவும் வைக்காமல் கடன் கேட்டால் இங்கே மாதம் நூற்றுக்கு இருபது வரை வட்டி. அடகுக்கடையில் அதைவிட எவ்வளவோ குறைவு. சேமிப்பும் அதுதான், அவசரத்துக்குக் கடனும் அதுதான்.

பேங்கில் போடு என்றாய். 2021இல் அம்மா மருந்துக்காக நீ பேங்கில் போட்ட பணத்தை எடுக்க இருட்டோடு எழுந்து வரிசையில் நின்றேன். வாரத்துக்கு இவ்வளவுதான் என்று அளவு வைத்திருந்தார்கள், பல நாள் அதுவும் கைக்கு வராது. கடைசியில் கமிஷன் கொடுத்து வெளியில் மாற்றினேன். அந்த வருஷத் தொடக்கத்தில் டாலர் 1,300 சாட்டுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. 2024இல் வெளியில் 4,000க்கு மேல் போய்விட்டது. பேங்கில் கிடந்த நோட்டின் கதி என்ன என்று உனக்குக் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை, நீதான் படித்தவன்.

அரிசியை மூட்டையாக வாங்கினால் மிச்சம் என்கிறாய். மிச்சம்தான். பால் டின்னால் அளந்து கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினால் கூடுதலாகத்தான் போகிறது, அது தெரியாமலா வாங்குகிறேன்? மூட்டைக்கான பணம் ஒரே நாளில் கையில் இருக்க வேண்டுமே. இருந்தாலும் நான் இருக்கும் தாக்கேட்டாவில் மழைக்குத் தரையில் தண்ணீர் ஏறினால் எங்கே தூக்கி வைப்பேன்? பக்கத்து வீட்டில் அடுப்பு எரியாதபோது என் வீட்டில் மூட்டை இருந்தால் இல்லை என்று சொல்ல முடியுமா? நீயே சொல்ல மாட்டாய். அம்மா பிள்ளைதானே நீ.

வாடகையும் அப்படித்தான். மாதாமாதம் நீ தவறாமல் அனுப்புகிறாய். அந்த நல்ல மனசை நான் மறக்கவில்லை, நீ அனுப்பியிராவிட்டால் அம்மா அந்த ஒரு வருஷம் கூட இருந்திருக்க மாட்டார். ஆனால் இங்கே வீட்டுக்காரர்கள் மாதாமாதம் வாங்க மாட்டார்கள், ஆறு மாதமோ ஒரு வருஷமோ மொத்தமாக வைக்க வேண்டும். இந்த முறை அதற்குத்தான் மோதிரம் போனது. இன்னொரு செலவும் இருந்தது, பையன் விஷயம். அதை இங்கே எழுத மாட்டேன். ஏன் என்று உனக்கே தெரியும்.

மோதிரத்தை மீட்டு சிங்கப்பூருக்கு அனுப்பு, பத்திரமாக இருக்கும் என்று கேட்டாய். யோசித்துப் பார்த்துவிட்டேன். அனுப்ப மாட்டேன். உன் பெட்டியில் அது அம்மா ஞாபகமாக இருக்கும், சரி. இங்கே அடுத்த மழைக்கும் வேலை செய்யும். நீ கோபப்பட்டாலும் பரவாயில்லை.

மீட்கிற பணத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். உனக்கு முடிந்தால் அடுத்த வாடகைக்கு ஆறு மாதப் பணத்தைச் சேர்த்து ஒரே தடவையாக அனுப்பு. அனுப்பும்போது குழுவில் போடாதே, எனக்கு மட்டும் சொல்.

அக்கா