அந்த வாசலில் அரை மணி நேரம் நில்லுங்கள்

கிழக்கு லண்டனில் நம் தமிழ்க் குடும்பங்களுக்காக ஞாயிறு வரலாற்று நடை நடத்தும் குழுவினருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு வால்தம்ஸ்டோ நடைக்கு என் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தேன். சிங்ஃபோர்ட் சாலையில் உள்ள பழைய நாய்ப் பந்தயத் திடலின் முகப்பை அவளுக்குக் காட்ட வேண்டும் என்பதற்காகவே வந்தேன். அங்கே பிள்ளைகள் தாமாகவே நின்று அண்ணாந்து பார்த்தார்கள். "நாய்களை ஓடவிட்டுச் சூதாடிய இடம். நாம் பார்க்க இங்கே ஒன்றுமில்லை, வாருங்கள்" என்றார் உங்களில் ஒருவர். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, எல்லோரும் நகர்ந்துவிட்டோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பேத்தி கேட்டாள்: "அம்மப்பா, நீங்கள் கெட்ட இடத்திலா வேலை செய்தீர்கள்?"

ஆம், அங்கே மூன்று ஆண்டுகள் கோப்பை கழுவினேன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில், எண்பதுகளின் கடைசியில், வார இறுதி இரவுகளில் செய்த வேலை அது. ஊருக்கு அனுப்பிய முதல் காசு அந்தத் தண்ணீர்த் தொட்டியடியில் நின்று உழைத்த காசு. கை ஓயும் நேரத்தில் பின்கதவருகே போய் நிற்பேன். ஆறு நாய்களை நடத்திக்கொண்டு போவார்கள். ஒன்றாம் எண்ணுக்குச் சிவப்புச் சட்டை, இரண்டுக்கு நீலம், மூன்றுக்கு வெள்ளை, நான்குக்குக் கறுப்பு, ஐந்துக்கு ஆரஞ்சு, ஆறுக்குக் கறுப்பு வெள்ளைக் கோடு. ஆங்கிலம் சரியாக வராத எனக்கு, கூட வேலை செய்தவர்களோடு பேச அந்த நிறங்கள் போதுமாயிருந்தன. நாய்கள் துரத்தும் பொம்மை முயல் தண்டவாளத்தில் இரைந்துகொண்டு வரும், கூண்டுக் கதவு படீரென்று மேலே போகும், அரை நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். முடிந்தபின் ஒரு நாய் மூச்சு வாங்கியபடி தன்னைப் பிடித்திருந்த பெண்ணின் தொடையில் முழு உடம்பையும் சாய்த்து நின்றது. அதை இன்றும் மறக்கவில்லை.

வரலாறு சொல்லவென்று புறப்பட்டவர்கள் நீங்கள். அதனால் கேட்கிறேன்: அந்த வாசலில் அரை மணி நேரம் நிற்க உங்களுக்கு ஏன் மனம் வரவில்லை?

மின்சார முயலை வைத்து நாய் ஓட்டம் இந்த நாட்டில் தொடங்கியது 1926இல், மான்செஸ்டரின் பெல் வியூ திடலில். ஏழே ஆண்டில், 1933இல், பிறரிடம் பந்தயக் காசு வாங்கி நடத்தும் தொழில் செய்த வில்லியம் சாண்ட்லர் வால்தம்ஸ்டோ திடலைத் திறந்தார். திறப்பு விழாவுக்கு வந்தவர் விமானி ஏமி ஜான்சன். கூட்டம் சும்மா கூடவில்லை. குதிரைப் பந்தயம் பகலில், பெரும்பாலும் நகரத்துக்கு வெளியே நடந்தது. ஆலை வேலைக்காரன் எப்படிப் போவான்? தெருமூலையில் காசு வைத்துப் பந்தயம் கட்டினால் போலீஸ் பிடிக்கும். நாய்ப் பந்தயமோ மாலையில், வீட்டுக்குப் பக்கத்தில், சட்டப்படி நடந்தது. 1961இல் தெருவுக்குத் தெரு பந்தயக் கடை திறக்க அனுமதி கிடைத்ததும் திடல்களின் கூட்டம் மேலும் கரைந்தது. இது சூதாட்டத்தின் கதை மட்டுமா? சட்டம் யாருக்கு எந்த வாசலைத் திறந்தது, எந்த வாசலை அடைத்தது என்ற கதை.

1945 ஜூலையில் சர்ச்சில் தேர்தல் கூட்டத்துக்கு வந்ததும் இங்கேதான். போரை வென்ற பிரதமரை இந்தத் திடலில் மக்கள் கூச்சலிட்டு எதிர்த்தார்கள். அந்த மாத முடிவுக்குள் அவர் தோற்றுப்போனார். இதைக்கூடவா பிள்ளைகளுக்குச் சொல்லக் கூடாது?

சூதை மறைக்கச் சொல்லவில்லை. வாரக் கூலியைத் தொலைத்துவிட்டுப் போனவர்களை நானே பார்த்திருக்கிறேன். வளைவில் மோதி விழுந்து கால் முறிந்த நாய்களைச் சொல்லுங்கள். ஓட முடியாமல் போன நாய்கள் எல்லாவற்றுக்கும் வீடு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லுங்கள். இவற்றோடு, கொட்டில் கூட்டியவர்களையும் டிக்கெட் கிழித்தவர்களையும் கோப்பை கழுவியவர்களையும் சொல்லுங்கள். ஒரே சொல்லில் அத்தனை பேரையும் தள்ளிவிட்டுப் போகாதீர்கள்.

நம்மவர்களிடம் இந்தக் குணம் எனக்குப் பழகிப்போனதுதான். கோட்டையும் கோயிலும் என்றால் மணிக்கணக்கில் நிற்போம். நம் ஆட்கள் இரவு வேலை பார்த்த பெட்ரோல் நிலையத்தையும் உணவகச் சமையலறையையும் பிள்ளைகளுக்குக் காட்ட வெட்கப்படுவோம். அந்த வேலைகளில் வந்த பணத்தில்தான் இந்தப் பிள்ளைகளின் பெற்றோர் படித்தார்கள்.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்தருளுங்கள். விடுமுறை நாளைக் கொடுத்து நீங்கள் செய்யும் வேலையின் அருமை எனக்குத் தெரியும். 2008 ஆகஸ்ட் 16 அன்று கடைசி ஓட்டம் முடிந்தது. திடல் இருந்த நிலத்தில் இப்போது 294 வீடுகள். 2007இலேயே பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்ததால் முகப்பு பிழைத்தது. அரசாங்கமே இடிக்கக் கூடாது என்று நிறுத்திவைத்த ஒன்றை நாம் பார்க்காமல் கடந்து போவது சரியா?

அடுத்த முறை வால்தம்ஸ்டோ நடை வைக்கும்போது அந்த வாசலில் அரை மணி நேரம் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பேச ஆள் இல்லையென்றால் நானே வருகிறேன். எந்த ஞாயிறு என்று மட்டும் முன்கூட்டியே தெரிவியுங்கள். பேத்தியையும் கூட்டிவர வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நடைக்குத் தவறாமல் வரும் ஒரு முதியவர்