உள்ளிருப்புப் பயிற்சி நிறைவில் ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கும், மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவினருக்கும், உடன் பயின்ற நண்பர்களுக்கும் என் வணக்கம்.

நான்கு ஆண்டுப் பாடமும் ஆறு மாத உள்ளிருப்புப் பயிற்சியும் கொண்ட பி.பி.டி. எனும் இளநிலை பிசியோதெரபி படிப்பை இந்த மாதம் நிறைவு செய்கிறேன். முற்பகல் வார்டு, பிற்பகல் வகுப்பு, இரவில் ரெக்கார்டு நோட்டு என ஓடிய காலத்தில் வார்டு வேலையையும் படிப்பையும் விட்டுவிடாமல் கரையேறியதற்குப் பலர் காரணம்.

எலும்பு மூட்டுப் பிரிவில் எங்களை மேற்பார்வையிட்ட மேடத்துக்கு முதல் நன்றி. காலையில் பார்த்த நோயாளிக்குரிய பாடத்தை அன்று மாலையே படித்து, மறுநாள் அதே படுக்கையருகில் நின்று விளக்க வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஓர் அம்மாவின் காலை மெல்ல மடக்கி, மூட்டு மடங்கும் கோணத்தை அளக்கும் கருவியான கோனியோமீட்டரின் மையத்தைத் தொடை எலும்பின் கீழ்முனையில் வெளிப்புறமாகத் துருத்தும் மேட்டில் பொருத்தி, அக்கருவியின் ஒரு கரத்தை இடுப்பை நோக்கியும் மற்றதை வெளிக்கணுக்காலை நோக்கியும் நேராக்க அவர் சொல்லித்தந்தபோதுதான், முதலாண்டில் மனப்பாடம் செய்து மறந்திருந்த உடற்கூறியல் பெயர்கள் விரலுக்குத் தட்டுப்பட்டன. "இன்னைக்கு எத்தனை டிகிரி கண்ணு?" என்று நாள்தோறும் கேட்ட அந்த அம்மா, 90 வந்த அன்று பக்கத்துப் படுக்கைக்காரர்களிடமெல்லாம் அதைச் சொல்லி மகிழ்ந்தார். பல்லைக் கடித்து வலியைப் பொறுத்துக்கொண்டு, படிக்கும் பிள்ளைகளை நம்பிக் காலைக் கொடுத்த அவரைப் போன்றோருக்கு எந்தத் தேர்வு மதிப்பெண்ணும் ஈடாகாது.

நரம்பியல் பேராசிரியர், எங்கள் போஸ்டிங் (பிரிவு வாரியான வார்டுப் பயிற்சி) தொடங்கும் வாரத்துக்கு ஏற்பப் பாட வரிசையையே மாற்றி, பக்கவாத நோயாளிகளின் தோள்மூட்டு நழுவலை முன்கூட்டியே நடத்தினார். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்து நோயாளியை எழுப்ப முயலும் உறவினர்களை வார்டில் அடிக்கடி காணலாம். அவர்கள் மனம் நோகாதபடி தடுத்து, முதுகையும் தோள்பட்டையையும் தாங்கி எழுப்பும் விதத்தைச் செய்துகாட்ட எங்களுக்குத் துணிவு தந்தது அந்த வகுப்பே.

மாடல் தேர்வையும், ஒரு நோயாளியின் நிலையை எடுத்து விளக்கும் கேஸ் பிரசன்டேஷனையும் ஒரே வாரத்தில் வைப்பது தேவையற்ற கொடுமை என்றே இன்றும் கருதுகிறேன். அத்தகைய வாரங்களில் டியூட்டி மாற்றிக்கொண்ட, பேருந்தில் நின்றபடியே நோட்ஸை வாசித்துக் காட்டிய நண்பர்களுக்கும், எவ்வளவு தாமதமாக வந்தாலும் சோற்றை மூடி வைத்திருந்த விடுதி மெஸ் அண்ணனுக்கும் (அவருடைய ரசத்தைப் பற்றிக் குறை சொன்னதையெல்லாம் திரும்பப் பெறுகிறேன்) கடமைப்பட்டிருக்கிறேன்.

என்னுடைய குறிப்பேடுகளைத் துறை நூலகத்தில் ஒப்படைத்திருக்கிறேன். நோயாளிகளின் பெயர்களை நீக்கி, போஸ்டிங் வாரியாகப் பாடங்களைப் பிரித்து எழுதியுள்ளதால், அடுத்த மாதம் வார்டுக்குச் செல்லும் மூன்றாம் ஆண்டுத் தம்பி தங்கையர் தயங்காமல் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

அன்புடனும் நன்றியுடனும்,
பயிற்சி முடிக்கும் மாணவி