நர்சாக இருந்த வருடங்களையும் கணக்கில் எடுங்கள்

முன்பருவக் கல்விக்குப் பாடத்திட்டம் வகுக்கும் அதிகாரிகளுக்கும் பேராசிரியர்களுக்கும் வணக்கம்.

குழந்தைகள் வார்டில் பல வருடம் நர்சாக இருந்துவிட்டு இப்போது முன்பருவக் கல்வி டிப்ளமா படிக்கிறேன். நைட் ட்யூட்டிக்குப் பயந்துதானே என்று கேட்கிறார்கள். அதுவும் ஒரு காரணம்தான், ஆனால் காய்ச்சலோடும் மூச்சிரைப்போடும் வரும்போது மட்டுமே பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து, நன்றாக இருக்கும்போதும் அவர்களோடு இருக்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது.

கேட்க வந்தது இதுதான்: எங்கள் வேலை அனுபவத்தையும் படித்த பாடமாகக் கணக்கில் சேர்த்து, அதற்கு கிரெடிட் கொடுங்கள். பிசிஜி பிறந்தவுடன், பெண்டாவேலன்ட் 6, 10, 14 வாரங்களில் என்ற தடுப்பூசி அட்டவணையை, அந்த ஊசிகளையே போட்ட கையால் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பிளஸ் டூ முடித்து நேராக வரும் பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் கட்டாயம் வேண்டும், அதைக் குறைக்கச் சொல்லவில்லை. எங்களுக்கு விலக்கு கொடுங்கள், சந்தேகம் இருந்தால் ஒரு தேர்வு வையுங்கள், எழுதுகிறோம்.

மருத்துவம் வேறு, பால்வாடி வேறு என்று சொல்லிவிட முடியாது. 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் ஆறு சேவைகளில் தடுப்பூசி, உடல் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புவது மூன்றும் முன்பருவக் கல்வியோடு ஒரே பட்டியலில்தான் இருக்கின்றன. பயிற்சிக்குப் போன இடத்தில் ஒரு பையனுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தது. கையில் கொடுக்க இரும்புச் சாவிக்கொத்தைத் தேடி ஓடினார்கள், பாவம், அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நான் அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, சட்டைப் பட்டனைத் தளர்த்தி, வாயில் எதையும் வைக்கவிடாமல், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கூட இருந்தேன். வலிப்பு நின்றதும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

சரி, அது எனக்குத் தெரிந்த வேலை. அடுத்த வாரம் அதே பையன் தேங்காய்ச் சிரட்டையில் மணலை அள்ளி டப்பாவில் கொட்டி, வழிந்ததும் மறுபடி சிரட்டையில் எடுத்துக்கொண்டிருந்தான். இப்போது நான் ஏதாவது கேட்கலாமா, கேட்டால் அவன் யோசனை கலைந்துவிடுமா, சும்மா பார்த்துக்கொண்டிருப்பதுதான் இங்கே என் வேலையா? இதெல்லாம் எனக்கு வார்டில் யாரும் சொல்லித்தந்ததில்லை, அங்கே எல்லாமே அவசரம். இதைக் கற்கத்தான் வந்திருக்கிறேன், இதற்கு ஒதுக்கியிருக்கும் நேரமோ ரொம்பக் கொஞ்சம். சத்துணவும் தடுப்பூசியும் படிக்கும் மணிநேரங்களை எங்களுக்கு வகுப்பறைப் பயிற்சியாக மாற்றிக் கொடுங்கள், அனுபவமுள்ள ஒரு டீச்சர் பக்கத்தில் இருக்க.

புதிதாக எந்தச் சட்டமும் தேவையில்லை. 2023-இல் வந்த தேசிய கிரெடிட் கட்டமைப்பே வேலை அனுபவத்துக்கு கிரெடிட் தரலாம் என்கிறது. அடுத்த சேர்க்கைக்கு முன் இதைத் தெளிவாக அறிவித்தால், சேரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் என் வார்டுத் தோழிகள் சிலர் தைரியமாக விண்ணப்பம் போடுவார்கள்.