'திடீர்' என்ற சொல்லைப் பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐரோப்பாவில் ஆடிய அமெரிக்கக் கால்பந்து வீரர்களைப் பற்றி ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். கோல் அடிப்பவர்களுக்கெல்லாம் படமும் பத்தியும். பின்கள வீரர் டிம் ரீமுக்கு ஒரே ஒரு வரி, 2022 உலகக் கோப்பையில் 35 வயதில் திடீர் வாய்ப்பு பெற்றவர் என்று. அந்தத் 'திடீர்'தான் என்னை எழுத வைத்தது.

லண்டனில் ஃபுல்ஹாம் அணியின் கிரேவன் காட்டேஜ் மைதானத்தில், கோலுக்குப் பின்னால் உள்ள ஹேமர்ஸ்மித் எண்டில் எங்கள் வீட்டுக்கு இரண்டு சீசன் டிக்கெட்டுகள். மகனுக்குத் துணையாகப் போக ஆரம்பித்தவள் நான். ஆட்டம் புரியாத காலத்தில் நான் பார்த்துக்கொண்டிருந்தது ரீமைத்தான், ஏனென்றால் அவர் அதிகம் ஓடமாட்டார். வேகம் கிடையாது. பந்து வரப்போகும் இடத்தில் முன்னதாகவே போய் நிற்பார், பக்கத்தில் இருப்பவனைக் கையைக் காட்டி நகர்த்துவார், பந்து கிடைத்ததும் இடது காலால் நிதானமாக முன்னே அனுப்புவார். சறுக்கி விழுந்து பந்தைப் பறித்தால் கைத்தட்டல் உண்டு. சறுக்க வேண்டிய நிலையே வராமல் பார்த்துக்கொள்பவருக்கு யார் தட்டுவார்கள்?

ரீம் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ்காரர். சொந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ஆடி, அமெரிக்க லீக்கான எம்.எல்.எஸ்.ஸின் அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2010 தேர்வில் 18ஆவது ஆளாக நியூயார்க் ரெட் புல்ஸுக்குப் போனார். 2012 ஜனவரியில் இங்கிலாந்தின் போல்டன் அணி அவரை வாங்கியது. மே மாதமே போல்டன், இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீக்கிலிருந்து இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிட்டது. பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பியிருக்கலாம். இருந்தார். அங்கே அடுத்தடுத்து இரு பருவங்கள் அந்த அணியின் சிறந்த வீரர் ஆனார்.

2015 ஆகஸ்டில் எங்களிடம் வந்தார். அப்புறம் நடந்தது இரண்டு பிரிவுகளுக்கும் இடையே லிஃப்ட் சவாரிதான். 2018இல் ஏறினோம், 2019இல் இறங்கினோம், 2020இல் ஏறினோம், 2021இல் மறுபடி இறங்கினோம், 2022இல் மறுபடி ஏறினோம். 2018-19இல் மட்டும் 81 கோல் வாங்கினோம். பாதிக்கு மேல் என் கண்ணெதிரே விழுந்ததாகத்தான் ஞாபகம். 2020-21இல் ரீம் பெரும்பாலும் பெஞ்சில். 33 வயது, சரி, முடிந்தது என்று நானும்தான் சொன்னேன். அடுத்த பருவத்தில் மறுபடி பின்களத்தின் நடுவில் நின்றார், கோப்பையோடு மேலே வந்தோம்.

அமெரிக்க அணி ஓராண்டுக்கும் மேல் அவரைக் கூப்பிடவே இல்லை. கத்தாரில் நடந்த அந்த 2022 உலகக் கோப்பைக்குக் கூப்பிட்டபோது, அதற்கு முந்தைய மூன்று மாதங்களாக வாராவாரம் பிரீமியர் லீக் முன்கள வீரர்களைச் சமாளித்துக்கொண்டிருந்தார். நான்கு ஆட்டங்களிலும் ஒரு நிமிடம்கூட அவரை வெளியே எடுக்கவில்லை. இங்கிலாந்தோடு 0-0 ஆன இரவு நான் யார் பக்கம் என்று மகன் கேட்டான். ரீம் பக்கம் என்றேன்.

கோல்தான் வேண்டுமென்றால் அதுவும் உண்டு. அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கிரிஸ்டல் பேலஸ் மைதானத்தில் தன் முதல் பிரீமியர் லீக் கோலை அடித்தார். தவறுகளும் உண்டு. 2023 ஏப்ரலில் மான்செஸ்டர் சிட்டிக்கு மூன்றாவது நிமிடத்திலேயே பெனால்டி கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் கை முறிந்து வெளியேறினார். அன்று எழுந்து நின்று தட்டியவர்களில் நானும் ஒருத்தி.

2024 ஆகஸ்டில், முந்நூறுக்கும் மேற்பட்ட ஆட்டங்களுக்குப் பிறகு, அமெரிக்காவின் சார்லட் அணிக்குப் போய்விட்டார். அங்கே மாலை ஆட்டம் என்றால் இங்கே நள்ளிரவு தாண்டிவிடுகிறது. விழித்திருந்து பார்க்க உடம்பு கேட்பதில்லை.

உங்கள் கட்டுரையாளர் லண்டன் வந்தால் சொல்லுங்கள். மகன் படிக்க வெளியூர் போய்விட்டான். என் பக்கத்து இருக்கை பல சனிக்கிழமைகளில் காலிதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
லண்டன்