செம்மீன் பார்த்த மகளுக்கு

பாம்பன்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். கல்லூரியில் ‘செம்மீன்’ என்னும் மலையாளப் படம் பார்த்த அன்று இரவு முழுவதும் உறக்கம் வரவில்லை என்று சொல்லி, அதைப் பற்றி வகுப்புக்காக எழுதிய நான்கு பக்கங்களையும் எனக்கு அனுப்பியிருந்தாய். இரண்டு முறை படித்தேன். மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவில் கடல் எப்படி ஒரு பாத்திரமாகவே மாறிவிடுகிறது என்பதையும், சலீல் சௌத்ரியின் இசையில் மன்னா டே பாடும் பாட்டு முடிந்த பிறகும் நீ இருக்கையை விட்டு எழ முடியாமல் இருந்ததையும் மிக அழகாக எழுதியிருக்கிறாய். முப்பது ஆண்டுக்கும் மேலாக விடைத்தாள் திருத்திய தமிழாசிரியை சொல்கிறேன், மொழி உன் கைக்கு வந்துவிட்டது.

ஆனால் மூன்றாம் பக்கத்தில் ஒரு பத்தி என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. கரையில் இருக்கும் மனைவியின் கற்புதான் கடலுக்குப் போன கணவனைக் காக்கிறது, அவள் தவறினால் கடலம்மா அவனை எடுத்துக்கொள்வாள் என்னும் நம்பிக்கையை, ‘கவிதைபோல் அழகான தொன்மம்’ என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு சொல்லை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

படத்தை இன்னொரு முறை பார். கறுத்தம்மாவைப் பற்றி ஊர் வாய் பேசத் தொடங்கிய பிறகு, அவள் கணவன் பழனியோடு ஒரே வள்ளத்தில் போக மற்றவர்கள் தயங்கி அவனை ஒதுக்குகிறார்கள். அதனால்தான் அவன் தனியாகப் போகிறான், தனியாகத் தூண்டில் போடுகிறான், சுறா இழுத்த இழுப்புக்கு ஈடுகொடுக்கக் கூட இன்னொரு கை இல்லாமல் சுழலில் போய்ச் சேருகிறான். பெரிய மீன் தூண்டிலில் விழுந்தால் கயிற்றை விட்டுக்கொடுக்க ஒருவர், துடுப்பைப் பிடிக்க ஒருவர், நீர் இறைக்க ஒருவர் வேண்டும் என்பது நம் கரையில் பிறந்த சிறு பிள்ளைக்கும் தெரியும். கறுத்தம்மாவின் மனத்தில் யார் இருந்தார் என்பதா அவனைக் கொன்றது? அவன் பக்கத்தில் ஆள் இல்லாமல் செய்த பேச்சுதான் கொன்றது என்று நான் நினைக்கிறேன். நாவலை எழுதிய தகழியும் அதைப் படமாக்கிய ராமு காரியாட்டும் அதை நம் கண்முன்னே வைத்திருக்கிறார்கள். பாட்டிலும் நிலவிலும் மயங்கி நாம் அதைக் கடந்துவிடுகிறோம்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு உன் அம்மாச்சிதான் காரணம். தனுஷ்கோடிப் புயல் அடித்து மூன்று ஆண்டு கழிந்த ஒரு மார்கழியில், எனக்கு ஒன்றரை வயதாக இருந்தபோது, உன் தாத்தா வத்தை என்னும் பாய்மரப் படகில் போனவர் திரும்பவில்லை. வாடைக் காற்று எழும்பும் காலத்தில் வடகடலுக்குப் போகாமல் தென்கடல் பக்கம் தொழில் செய்வதுதான் இங்கே வழக்கம். ஆனால் வலைக்கு வாங்கிய முன்பணம் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது, பாய்க்கயிறும் இற்றுப்போயிருந்தது. இவ்வளவும் ஊருக்குத் தெரியும். தெரிந்திருந்தும், துக்கம் கேட்க வந்த பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து, வீட்டுக்குள் இருந்தவளின் காதில் விழும்படியே, ‘இவள் என்ன குறை வைத்தாளோ’ என்று பேசினார்கள். அப்போது அம்மாச்சிக்கு இருபத்தொரு வயது. அந்தத் திண்ணையைத் தாண்டித் தண்ணீர் எடுக்கப் போகவே ஒரு மாதம் ஆயிற்றாம்.

1964 டிசம்பர் 22 இரவு புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனபோது, பாம்பனிலிருந்து புறப்பட்ட ரயிலில் இருந்த ஒருவர்கூட மிஞ்சவில்லை. ஊரில் கோயிலும் மாதா கோயிலும் ஒன்றாகவே இடிந்தன. அங்கே யார் தவறியிருந்தார்கள் என்று எவரும் கேட்கவில்லை. மறு ஆண்டு ‘செம்மீன்’ திரைக்கு வந்து, குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் பெற்றது. அதற்கும் இரண்டு ஆண்டு கழித்து, ஒரே ஒரு வத்தை திரும்பாதபோது, அந்தக் கேள்வி எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

கறுத்தம்மாவின் அப்பா செம்பன்குஞ்ஞுவைப் பேராசைக்காரர் என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். கறுத்தம்மா நேசித்த பரீக்குட்டியிடம் வாங்கிய பணத்தைத் திருப்பித் தராதது தவறுதான், மறுக்கவில்லை. ஆனாலும் சொந்தமாக ஒரு வள்ளமும் வலையும் வேண்டும் என்று ஏங்கிய மனிதரை இந்தக் கரையில் இருந்துகொண்டு என்னால் அவ்வளவு எளிதில் வெறுக்க முடியவில்லை.

அம்மாச்சி அழுதுகொண்டே இருந்துவிடவில்லை என்பது உனக்குத் தெரியும். பின்னாளில் கடற்பாசி எடுக்கும் பெண்களோடு சேர்ந்து, விரல்களில் கிழிந்த துணியைச் சுற்றிக்கொண்டு, தென்கடலில் தீவுகளை ஒட்டிய பாறைகளுக்கிடையே மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி பறித்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். இன்றும் சோறு பிசையும்போது அவருடைய வலக்கை ஆள்காட்டி விரல் முழுதாக மடங்குவதில்லை. கடற்பாறை வெட்டிய தழும்பு நகத்தின் அடிவரை ஓடுகிறது. அடுத்த முறை வரும்போது அந்த விரலைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்.

நேற்று மாலை உன் கட்டுரையை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் படம் பார்த்ததில்லை. ஆதலால் கதையையும் சொன்னேன். பழனி போனதற்கும், காலையில் கறுத்தம்மாவும் பரீக்குட்டியும் கரையில் பிணமாகக் கிடந்ததற்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே, “அந்தக் கைப்பிள்ளையை யார் வளர்த்தது?” என்று கேட்டார். தங்கைக்காரி பஞ்சமி இருந்தாள் என்றேன். “அப்படியென்றால் சரி” என்றார். அவர் பாசிக்குப் போன நாளெல்லாம் என்னைத் தூக்கி வளர்த்தது அவருடைய தங்கைதான். உன் சின்ன அம்மாச்சி இப்போது தங்கச்சிமடத்தில் தனியாக இருக்கிறார். பொங்கலுக்கு வரும்போது அவரையும் அழைத்துக்கொண்டு வா. படத்தையும் எடுத்து வா, எல்லோரும் சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அம்மா